உள்ளூர் இண்டி ராக் பேண்ட் ஒன்றைத் தொடர்வது, அதன் வழியே புது இசை கண்டுபிடிப்பது எப்படி?

ஆறாம்தந்தி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது ஒரு சின்ன உள்ளூர் இண்டி ராக் பேண்ட். நாலு பேர், ரெண்டு கிட்டார். ஐந்து பாட்டு கொண்ட ஒரு இபி (குறும் ஆல்பம்), பிறகு ரெண்டு சிங்கிள் (தனிப்பாட்டு), இதுவரை வெளிவந்தது இவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையில் மாதத்துக்குச் சில நூறு பேர் கேட்கிறார்கள். சந்தேகங்கள் இவை:

ஷோ அறிவிப்பு இன்ஸ்டாகிராமில் கண்ணில் படுவதற்குள் ஷோவே முடிந்துவிடுகிறது. தவறவிடாமல் இருக்க எதையெல்லாம் ஃபாலோ செய்ய வேண்டும்?

ஸ்பாட்டிஃபையில் இவர்கள் பாட்டிலிருந்து ரேடியோ (ஒத்த பாட்டுகள் தானாக ஓடும் வரிசை) போட்டால் மூன்றாவது, நாலாவது பாட்டிலேயே உலகமறிந்த பேண்டுகளுக்குத் தாவிவிடுகிறது. இதே அளவில், இதே மாதிரி சத்தத்தில் வாசிக்கும் மற்ற பேண்டுகளை எங்கே தேடுவது?

ஷோவில் கடைசியாக வாசிக்கும் ஒரு பாட்டு எந்தத் தளத்திலும் இல்லை. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் ஆப்புக்கும் தெரியவில்லை.

கடைசியாக, காசு எந்த வழியில் கொடுத்தால் பேண்டின் கைக்கு அதிகம் போகும்?

---

மிக்ஸர்பக்கம்:

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரீமிங் பரிந்துரை பெரும்பாலும் ஓடுவது ஒரே கணக்கில்: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், எதோடு சேர்த்து பிளேலிஸ்ட்டில் போட்டார்கள். சில நூறு பேர் மட்டும் கேட்கும் பேண்டுக்கு அந்தத் தடயம் போதாது. அந்தச் சில நூறு பேருக்கும் பொதுவாக இருப்பவை பெரிய பேண்டுகள்தான் என்பதால் கணக்கு அங்கேயே போய் விழுகிறது. செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் இது முழுதாகச் சரியாகாது. அதனால் பேண்டைச் சுற்றியிருக்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதே நல்ல வழி.

முதல் இடம் கிரெடிட்ஸ். பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப் பக்கத்தில் பாட்டுப் பட்டியலுக்குக் கீழே ஒரு சின்னப் பத்தி இருக்கும்: ரெக்கார்டிங் யார், மிக்ஸ் (ஒலிகளைக் கலந்து சமன்செய்வது) யார், மாஸ்டரிங் (வெளியிடும் முன் இறுதி ஒலிச்சீர்) யார், அட்டைப்படம் யார், நன்றி யாருக்கெல்லாம். இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. மாஸ்டரிங் செய்பவர் மெட்டல், ஜாஸ், எலக்ட்ரானிக் என்று கையில் வருவதையெல்லாம் செய்வார், அவர் பெயரைப் பின்தொடர்ந்தால் சிதறிப்போவீர்கள். ரெக்கார்டிங், மிக்ஸ் செய்தவர் பெயர் நல்ல துப்பு, ஏனென்றால் டிரம்ஸுக்கு மைக் வைக்கும் விதம், கிட்டாரை எவ்வளவு முன்னே தள்ளுகிறார், குரலை எவ்வளவு புதைக்கிறார் என்பதெல்லாம் அவர் கைப்பழக்கம். நமக்குப் பிடித்த "சத்தம்" என்று நாம் சொல்வதில் பாதி அதுதான். எல்லாவற்றையும்விட வலுவான துப்பு, உறுப்பினர்கள் வாசிக்கும் வேறு பேண்டுகள். சின்ன வட்டாரங்களில் ஒரு டிரம்மர் மூன்று பேண்டில் வாசிப்பது சாதாரணம்.

பெயர் கிடைத்ததும் டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் இரண்டிலும் தேடுங்கள். இரண்டும் 2000இல் தொடங்கிய தளங்கள், பயனர்களே தகவல் சேர்ப்பவை. டிஸ்காக்ஸில் ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் எந்தப் பொறுப்பில் எந்த ஆல்பத்தில் வேலை செய்தார் என்று பிரித்துப் பார்க்கலாம். மியூசிக்பிரெய்ன்ஸில் ஒருவர் எந்தெந்த பேண்டில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார் என்ற இணைப்புகள் இருக்கும். உங்கள் பேண்ட் அங்கே இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் நீங்களே சேருங்கள். இபி டிஜிட்டலாக மட்டும் வந்திருந்தாலும் இரண்டு தளமும் ஏற்கும். அடுத்து தேடி வருபவருக்கு அந்த ஒரு பதிவு பெரிய உதவி.

இரண்டாவது இடம் போஸ்டர். பேண்ட் இதுவரை வாசித்த ஷோக்களின் போஸ்டர்களை அவர்கள் பக்கத்தில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கூட வாசித்த பேண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது நட்பு, ரசனையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வெளியூரிலிருந்து வந்து வாசித்த பேண்ட் இருந்தால் அதை இரட்டிப்பு கவனத்தோடு பாருங்கள்: அந்த பேண்ட் தன் சொந்த ஊரில் யார் யாரோடு வாசிக்கிறது என்று போனால் இன்னொரு வட்டாரம் முழுதாகத் திறக்கும். இண்டியில் புது இசை பரவுவதே இப்படித்தான். நீ என் ஊருக்கு வந்தால் நான் ஷோ ஏற்பாடு செய்கிறேன், நான் வந்தால் நீ செய் என்ற ஒப்பந்தம்.

மூன்றாவது, பேண்ட்கேம்பில் ஆல்பம் அட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் படங்கள். அவை அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய மொத்தத் தொகுப்பும் தெரியும். பத்துப் பேர் தொகுப்பைத் திறந்து, மூன்று பேரிடமாவது இருக்கும் பெயர்களை எடுங்கள். அதில் எல்லாரும் அறிந்த பேண்டுகளை அடித்துவிடுங்கள். பெரிய பேண்ட் எல்லாரிடமும் இருக்கும், அது ரசனை பற்றி ஒன்றும் சொல்லாது. யாருக்கும் தெரியாத ஒரு பெயர் மூன்று பேரிடம் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்திருப்பவர் தொகுப்பை விட்டுவிடுங்கள், அதில் எதுவும் இருக்கும். ஐம்பது முதல் இருநூறு ஆல்பம் வரை வைத்திருப்பவர் தேர்ந்தெடுத்து வாங்குபவர், அவர் தொகுப்பை ஃபாலோ செய்தாலே போதும்.

அல்காரிதத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். இப்படிச் சேர்ந்த சின்ன பேண்டுகளின் பாட்டு முப்பது நாற்பதை மட்டும் ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு, அதற்குக் கீழே வரும் பரிந்துரையைப் பாருங்கள். பேண்ட் ரேடியோவைவிட இது நன்றாக வரும். ஒரு பெரிய பேண்டைக்கூட அந்தப் பட்டியலில் கலக்காதீர்கள், கலந்தால் பழைய இடத்துக்கே இழுத்துப்போகும். தூங்குவதற்கு மழைச்சத்தம் போடுவது, குழந்தைப் பாட்டு போடுவது எல்லாம் இருந்தால் அந்தப் பிளேலிஸ்ட்டை ஸ்பாட்டிஃபையின் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளி மெனுவில் அந்த வசதி உண்டு. இல்லையென்றால் பிரைவேட் செஷனில் போடுங்கள்.

---

கதவுதிறக்கும்நேரம்:

ஷோ மிஸ் ஆகுற பிரச்சினைக்கு நான் சொல்றேன். இன்ஸ்டாகிராமை மட்டும் நம்புனா கண்டிப்பா மிஸ் ஆகும். நிறைய பேண்டுங்க அறிவிப்பை ஸ்டோரியில மட்டும் போடுறாங்க, ஸ்டோரி 24 மணி நேரத்துல போயிடும். ஃபீடும் தேதி வரிசையில வராது. பேண்ட் புரொஃபைல்ல மணி ஐகானைத் தட்டி போஸ்ட், ஸ்டோரி ரெண்டுக்கும் நோட்டிஃபிகேஷன் போடுங்க. அது முதல் படி.

ரெண்டாவது, மெயிலிங் லிஸ்ட். பேண்டுக்கு இருந்தா சேருங்க, பேண்ட்கேம்ப்ல ஃபாலோ பண்ணுங்க. ஃபாலோ பண்ணா புது ரிலீஸ் வரும்போது மெயில் வரும். அந்த மெயில் புரமோஷன் பக்கத்துல போய் ஒளிஞ்சுக்காம இருக்க, அனுப்புற முகவரியை கான்டாக்ட்ல சேர்த்து ஒரு ஃபில்டர் போட்டு வைங்க.

மூணாவது தான் முக்கியம், பலரும் செய்யாதது: பேண்டை விட்டுட்டு இடத்தை ஃபாலோ பண்ணுங்க. உங்க பேண்ட் வாசிக்கிற நாலைஞ்சு இடம், அதை ஏற்பாடு பண்ற ரெண்டு மூணு பேர், இவங்களோட லிஸ்ட்ல சேர்ந்தா பேண்ட் சொல்றதுக்கு முன்னாடியே தேதி தெரியும். கூடவே நீங்க கேள்விப்படாத பேண்டுங்க பேரும் வரும். அந்தப் பேரையெல்லாம் அன்னிக்கே ஒரு பாட்டு கேட்டுப் பாருங்க.

ஷோ அலர்ட் தர்ற ஆப்பான சாங்கிக், பேண்ட்ஸின்டவுன் ரெண்டும் போட்டு வைக்கலாம், ஆனா யாராவது ஏத்துனாதான் அதுல இருக்கும். சின்ன இடத்துல நடக்குற ஷோ பாதி அதுல வராது. ஒரே பேர்ல வேற நாட்டு பேண்ட் இருந்தா அவங்க ஷோவுக்கு உங்களுக்கு அலர்ட் வரும், அதையும் பார்த்துக்குங்க.

ஸ்பாட்டிஃபைல பாட்டை சேவ் பண்றதோட நிறுத்தாம பேண்ட் பக்கத்துல ஃபாலோவும் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை வர்ற ரிலீஸ் ரேடார் பிளேலிஸ்ட்ல ஃபாலோ பண்ணுன பேண்டோட புதுப் பாட்டு வரும். பேண்டுல யாரையாவது தெரிஞ்சா அவங்ககிட்டயும் சொல்லுங்க: ரிலீஸ் தேதிக்கு குறைஞ்சது 7 நாள் முன்னாடி பேண்டுங்களுக்கான பக்கமான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்ல பாட்டை பிட்ச் பண்ணிடணும் (பிளேலிஸ்ட்டுக்குப் பரிந்துரைச்சு அனுப்பணும்). அப்போதான் எந்தப் பாட்டு ஃபாலோயர்ஸ் ரேடார்ல போகணும்னு அவங்களே முடிவு பண்ண முடியும். நிறைய சின்ன பேண்டுங்க முந்தின நாள் ராத்திரி அப்லோட் பண்ணிட்டு இதைக் கோட்டை விட்டுடறாங்க.

போஸ்டர்ல இருக்கிற நேரம் கதவு திறக்கிற நேரமா, முதல் பேண்ட் மேடை ஏறுற நேரமான்னு பாருங்க. அன்னிக்கு சாயங்காலம் யார் எத்தனை மணிக்குன்னு இடத்தோட ஸ்டோரியில போடுவாங்க. முதல்ல வாசிக்கிற பேண்டுக்கு பொதுவா அரை மணி நேரம்தான் கிடைக்கும், லேட்டா போனா அது முழுசா போச்சு. புது இசை கண்டுபிடிக்கணும்னு வந்தவங்களுக்கு அந்த அரை மணிதான் அன்னிக்கு ராத்திரியோட சிறந்த பகுதி.

---

செட்லிஸ்ட்காகிதம்:

வெளிவராத பாட்டு பற்றி. ஷசாம் வேலை செய்வது, பதிவான ஒலிக்கோப்பின் கைரேகையை ஒப்பிட்டு. ஒரு பாட்டின் ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்பதன் வரைபடம் அது. மேடையில் வேகம் கொஞ்சம் கூடினாலே வரைபடம் மாறிவிடும். அதனால் வெளிவந்த பாட்டைக்கூட லைவில் கண்டுபிடிக்கத் திணறும், வெளிவராத பாட்டு அதன் களஞ்சியத்தில் இல்லவே இல்லை.

செய்ய வேண்டியது: பல்லவியில் தெளிவாகக் காதில் விழும் ஒரு வரியை, பாட்டு முடிந்தவுடன் போனில் எழுதிக்கொள்ளுங்கள். செட்டில் (அன்று வாசிக்கும் பாட்டு வரிசையில்) எத்தனையாவது பாட்டு என்றும் குறியுங்கள். அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முதலில் இதைச் செய்வது ஏனென்றால், கடைசிப் பாட்டு பல நேரம் வேறொருவர் பாட்டின் கவராக இருக்கும். அது கவர் என்றால் உங்களுக்கு இன்னொரு பேண்ட் கிடைத்தது.

கவர் இல்லையென்றால், ஷோ முடிந்தபின் மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் செட்லிஸ்ட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பேண்டுக்குள் வழங்கும் செல்லப்பெயர் அல்லது சுருக்கம். "புதுசு", "மெதுவானது" என்றுகூட இருக்கும். நீங்கள் குறித்த எண்ணோடு ஒப்பிட்டு அது எந்தப் பாட்டு என்று முடிவுசெய்து, மெர்ச் மேசையில் (பேண்ட் தன் கேசட், டிஷர்ட் விற்கும் இடம்) நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: அந்தக் கடைசிப் பாட்டின் பெயர் என்ன, எப்போது ரெக்கார்ட் செய்கிறீர்கள்? வெளிவராத பாட்டைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்பது பேண்டுக்கு மிகவும் பயனுள்ள செய்தி. அடுத்து எதை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போவது என்பது சில நேரம் இதனால் முடிவாகிறது. பிறகு ஷோக்களின் பாட்டு வரிசையைச் சேர்த்துவைக்கும் தளமான செட்லிஸ்ட்.எஃப்எம்மில் அன்றைய பட்டியலை ஏற்றிவிடுங்கள்.

பதிவு செய்து வைக்க ஆசைப்பட்டால் முதலில் அனுமதி கேளுங்கள். போனை மேடைக்கு நேர் எதிரே, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தால் மைக் தாங்காமல் வெறும் கரகரப்புதான் மிஞ்சும், பின்னால் அதைச் சரிசெய்யவே முடியாது. சத்த அளவைக் கையால் குறைக்க வசதியுள்ள ரெக்கார்டிங் ஆப் வைத்து, மிக உரத்த இடத்தில்கூட ஆப் காட்டும் அளவுகோலில் உச்சம் −12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர் இருக்கும் இடத்துக்கு அருகே நின்று எடுங்கள். அனுமதி தரும் பேண்டுகளின் லைவ் பதிவுகளை இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002 முதல் தனிப் பிரிவாகவே சேர்த்துவருகிறது. இதைக் காட்டிக் கேட்டால் அனுமதி தருவது பேண்டுக்கு எளிதாக இருக்கும்.

---

ஆறாம்தந்தி:

எல்லாருக்கும் நன்றி. பேண்ட்கேம்பில் வாங்கியவர்கள் தொகுப்பைத் திறந்து பார்க்கும் வழி தெரியாமல் இருந்தது, இன்றே தொடங்குகிறேன். கூடுதலாக ஒன்று: முன்வரிசையில் நின்றால் குரல் கேட்பதில்லை, கிட்டார் மட்டும் காதைக் கிழிக்கிறது. மறுநாள் வரை காதில் ரீங்காரம். நிற்கும் இடம் தவறா, ஸ்பீக்கர் தவறா?

---

மிக்ஸர்பக்கம்:

நிற்கும் இடம். சின்ன இடங்களில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் மேடையிலிருந்தே நேரடியாக வருகின்றன, குரல் மட்டும் இரு பக்க ஸ்பீக்கர் வழியாக வருகிறது. முன்வரிசை நடுவில் நிற்பவருக்கு ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கவாட்டில் தாண்டிப் போய்விடுகின்றன, கிட்டார் ஆம்ப் நேர் எதிரே நிற்கிறது. குரல் கேட்க வேண்டுமென்றால் பின்னால் வந்து, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாகும் இடத்தில் நில்லுங்கள். மிக்ஸருக்கு ஓரடி முன்னால் என்றால் மிகச் சரி, சவுண்ட் இன்ஜினியர் அந்த இடத்தில் கேட்டுத்தான் எல்லாவற்றையும் அமைக்கிறார். சுவரோரமும் மூலையும் வேண்டாம், பேஸ் அங்கே குவிந்து எல்லாம் மங்கிவிடும்.

ரீங்காரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது காது உட்பகுதி அடிவாங்கியதன் அடையாளம். கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை பரவாயில்லை என்பது அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையாஷின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி, 100இல் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட கச்சேரி இடங்களுக்கான தரமும் சராசரி 100 டெசிபலை உச்ச வரம்பாக வைக்கிறது. சின்ன அறையில் ராக் டிரம்ஸ் மைக் இல்லாமலே அந்த அளவைத் தொட்டுவிடும்.

ஆக இயர்பிளக் அவசியம். நுரை வகை உயர் அதிர்வெண்களை அதிகம் வெட்டும், குரலும் சிம்பலும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அதனால்தான் பலர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். இசைக்கென்று செய்யப்பட்ட, எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் வகையை வாங்குங்கள். 15 டெசிபல் குறைத்தாலே 100 என்பது 85 ஆகிறது, 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. பெட்டியில் எழுதிய அளவு சரியாகப் பொருந்தினால் மட்டுமே கிடைக்கும். மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள். நுரை என்றால் மெல்லியதாக உருட்டிச் செருகி, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே தலைக்குள் கனமாக ஒலித்தால் சரியாக அடைத்திருக்கிறது. முதல் பாட்டுக்கு முன்பே போடுங்கள். காது பழகிவிடும்.

---

இபிசேகரிப்பு:

காசுக் கேள்வி விட்டுப்போயிருக்கிறது. ஸ்ட்ரீமிங்கிலிருந்து இவ்வளவு சின்ன பேண்டுக்கு வருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் ராயல்டி கணக்கிலேயே சேரும். நீங்கள் சொல்லும் பேண்டின் சில பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். 30 நொடிக்கு மேல் ஓடினால்தான் ஒரு முறை என்று கணக்கு, ஆகவே புதுப் பாட்டைத் தொட்டுத் தொட்டுத் தாவாமல் முழுதாகக் கேளுங்கள்.

மேசையில் நேரடியாக வாங்கும் கேசட், டிஷர்ட், பேட்ஜ் காசு பெரும்பகுதி பேண்டுக்கே. சில இடங்கள் மெர்ச் விற்பனையில் பங்கு கேட்கும். பேண்ட் தங்களுக்கு எது வசதி என்று சொன்னால் அதன்படி வாங்குங்கள். ஆன்லைனில் என்றால் பேண்ட்கேம்ப்: டிஜிட்டலுக்கு 15 சதவீதம், பொருளுக்கு 10 சதவீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும், 2020 மார்ச்சில் தொடங்கியது இது. எல்லா வெள்ளியும் அல்ல, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப் பெட்டி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்கியதும் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் இறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். ஆண்டுச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்குக்குப் பாட்டு அனுப்பும் சேவைகள் பல உண்டு. பேண்ட் கலைந்து, யாரும் சந்தா கட்டாமல் விட்டால் பாட்டுகள் எல்லாத் தளத்திலிருந்தும் இறங்கிவிடும். பெரிய பேண்டின் ஆல்பம் எங்காவது கிடைக்கும். நூறு பேர் மட்டும் கேட்ட இபி, அந்த நூறு பேரில் யாராவது வைத்திருந்தால்தான் உண்டு.

கண்டுபிடிப்பதற்குப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும்: பேண்ட் பெயர், கேட்ட பாட்டு, யார் வழியாக வந்தது. மூன்றாவது குறிப்புதான் பயன் தருவது. சில மாதம் கழித்துப் பார்த்தால், நிலைத்த பேண்டுகள் எந்த வழியில் வந்தன என்று தெரியும், மற்ற வழிகளை விட்டுவிடலாம். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வானொலியையும் அதில் ஒரு வழியாகச் சேருங்கள். சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி, 2002இல் தொடங்கிய பிபிசி ரேடியோ 6 மியூசிக் இரண்டும் எந்தப் பாட்டு எப்போது போட்டார்கள் என்ற பட்டியலை இணையத்தில் வைக்கின்றன. முழு நிகழ்ச்சி கேட்க நேரமில்லையென்றால் பட்டியலில் தெரியாத பெயரை மட்டும் எடுத்துக் கேட்கலாம்.

---

கதவுதிறக்கும்நேரம்:

ஒண்ணு சேர்த்துக்குறேன். சின்ன பேண்ட் பேரைத் தேடும்போது ஒரே பேர்ல ரெண்டு மூணு பேண்ட் ஒரே பக்கத்துல கலந்து கிடக்கும், பாட்டு அனுப்புற சேவை பேரை வச்சுப் பொருத்தும்போது நடக்குற தப்பு இது. அதனால தேடுபெட்டியில பேரைப் போடாதீங்க. பேண்டோட சொந்தப் பக்கத்துல இருக்கிற லிங்க் வழியா மட்டும் போங்க. உங்க பேண்ட் பக்கத்துல சம்பந்தமில்லாத சிங்கிள் ஒண்ணு ஏறியிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேண்டுக்கு அனுப்புங்க. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியா அவங்க புகார் பண்ணா பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. ரசிகர் சொல்லித்தான் பல பேண்டுக்கே இது தெரிய வருது.